தோலில் ஒட்டும் சர்க்கரை சென்சார்: ஷிப்ட் வேலையிலும் கடல் தொழிலிலும்

தோல் வழியே உடலின் வேதிநிலையை அளந்து, கம்பியில்லாமல் கைப்பேசிக்கு அனுப்பும் கருவிகளில் மருந்துக் கடை வரை வந்து சேர்ந்திருப்பது இன்றைக்குச் சர்க்கரை சென்சார்தான். மேற்கையின் பின்புறத்தில் ஒட்டும் சிறு வட்டவில்லை. அதன் அடியில், தோலுக்குள் சுமார் 5 மில்லிமீட்டர் இறங்கி நிற்கும் வளையக்கூடிய மெல்லிய இழை. வியர்வையில் உப்பையும் லாக்டேட்டையும் அளக்கும் ஒட்டிகளும் உண்டு. அவற்றைப் பற்றிப் பிற்பகுதியில் சுருக்கமாகச் சொல்லப்படும்.

சென்சாரை ஒட்டும் முறை பெட்டிக்குள் உள்ள தாளிலேயே படத்துடன் இருக்கிறது. ஆனால் அந்தத் தாள், மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவரையே மனத்தில் வைத்து எழுதப்பட்டதுபோல் தெரிகிறது. திருவொற்றியூர் ஆலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்ப்பவர், எண்ணூர் துறைமுகச் சாலையில் டிரெய்லரோடு மணிக்கணக்கில் வரிசையில் நிற்பவர், காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர் ஆகியோருக்கு அதில் சொல்லாத சில விஷயங்கள் தேவைப்படுகின்றன. இந்த அத்தியாயம் பெரும்பாலும் அவற்றைப் பற்றியது.

நீரிழிவு மருத்துவம் வடசென்னைக்குப் புதிதல்ல. பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948இல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். நாட்டில் இத்தகைய முதல் பிரிவு அதுதான் என்று சொல்லப்படுகிறது. 1954இல் ராயபுரத்தில் அவர் நிறுவிய எம்.வி. மருத்துவமனை பிறகு நீரிழிவுக்கு மட்டுமேயான மருத்துவமனையாக மாறியது. மாதா கோயில் தெருப் பக்கம் அதைத் தெரியாதவர்கள் குறைவு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர் என்று கணக்கிட்டது.

சென்சார் எதை அளக்கிறது

இழையின் முனையில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் போன்ற ஒரு நொதி பூசப்பட்டிருக்கும். குளுக்கோஸ் அதன்மேல் படும்போது நடக்கும் வேதிவினையில் எலெக்ட்ரான்கள் விடுபட்டு மிகச் சிறிய மின்னோட்டம் எழுகிறது. குளுக்கோஸ் கூடினால் மின்னோட்டமும் கூடும். வில்லைக்குள் இருக்கும் சில்லு அதை எண்ணாக மாற்றுகிறது. நொதியையும் மின்முனையையும் சேர்த்துச் சர்க்கரையை அளக்கலாம் என்ற யோசனையை லீலாந்து கிளார்க் 1962இல் முன்வைத்தார். உடலில் அணியும் கருவியாக அது அமெரிக்காவில் அனுமதி பெற 1999 ஆயிற்று. அந்தக் கருவியை மூன்று நாள்தான் அணிய முடியும். எண்களும் பிறகு மருத்துவருக்குத்தான் தெரியும். விரலில் குத்திச் சரிபார்க்கத் தேவையில்லாத, 14 நாள் உழைக்கும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே 2014இல் ஐரோப்பாவுக்கும், அதன் மருத்துவர் பயன்பாட்டு வடிவம் 2015இல் இந்தியாவுக்கும், பயனாளியே படித்துக்கொள்ளும் வடிவம் 2020இல் இந்தியாவுக்கும் வந்தன.

இழை நிற்பது ரத்தக் குழாய்க்குள் அல்ல. தோலுக்கடியில் செல்களுக்கு இடையே உள்ள திசுநீரைத்தான் அது அளக்கிறது. சாப்பிட்ட சர்க்கரை முதலில் ரத்தத்தில் ஏறி, அங்கிருந்து திசுநீருக்குக் கசிய 5 முதல் 10 நிமிடம், சில வேளை அதற்கு மேலும் ஆகும். கடலில் ஓதம் ஏறிய பிறகுதான் எண்ணூர் முகத்துவாரம் வழியாக உள்ளே கழிவெளியில் நீர்மட்டம் உயர்கிறது. அதே போன்ற தாமதம் இது. சர்க்கரை நிலையாக இருக்கும்போது இரண்டு எண்களும் ஒத்துப்போகும். வேகமாக ஏறும்போதோ இறங்கும்போதோ விலகும். ஆகவே எண்ணைவிட அதன் பக்கத்தில் வரும் அம்புக்குறிக்கு மதிப்பு அதிகம். படுக்கைவாட்டில் இருந்தால் மாற்றம் நிமிடத்துக்கு 1 மில்லிகிராமுக்குள். சாய்ந்திருந்தால் 1 முதல் 2. செங்குத்தாக நின்றால் 2க்கு மேல். 110 என்ற எண் படுத்த அம்போடு வந்தால் கவலையில்லை. செங்குத்தாகக் கீழ்நோக்கிய அம்போடு வந்தால் இருபது நிமிடத்தில் 70க்குக் கீழே போய்விடக்கூடும். (இந்த அத்தியாயத்தில் வரும் சர்க்கரை எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவில் உள்ளவை.)

ஆய்வகச் சோதனையோடு ஒப்பிட்டால் இந்தச் சென்சார்களின் சராசரி விலகல் சுமார் 9 முதல் 11 சதவீதம். ஒட்டிய முதல் நாளில் விலகல் கூடுதலாக இருக்கும். குளுக்கோமீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்ற விளம்பரப் பேச்சை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் வேறாக இருந்தால் விரலில் குத்திப் பார்ப்பதே தீர்ப்பு.

யாருக்குத் தேவை

ஒரு சென்சாரின் விலை ஐயாயிரம் ரூபாயை ஒட்டி இருக்கிறது. 14 நாளில் அதன் ஆயுள் முடிந்துவிடும். ஆண்டு முழுவதும் தொடர்ந்து ஒட்டுவது பெரும்பாலான தொழிலாளர் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது. பலருக்கு அது தேவையும் இல்லை. இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரைகளோடு உடலுழைப்பு வேலை பார்ப்பவர்களுக்கும் இது பயன் தரும். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்துக்கொண்டு, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) அளவும் சரியாக உள்ளவர்கள் அந்தப் பணத்தைக் கண், கால், சிறுநீரகப் பரிசோதனைகளுக்குச் செலவிடலாம். கர்ப்ப காலத்தில் சர்க்கரை கூடியவர்கள் மருத்துவர் சொன்னால் அணியலாம். ஆனால் அவர்களுக்கான இலக்கு வேறு. கர்ப்பிணிகளுக்கான சர்வதேசப் பரிந்துரை 63 முதல் 140 வரை. செயலியில் முன்னதாகவே பதிந்திருக்கும் 70 முதல் 180 என்ற வரம்பை மாற்றாமல் விட்டால் படம் பொய்யாக நன்றாகத் தெரியும்.

மருந்து மாற்றிய பிறகு ஒன்று, வேலை மாறியபோது ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்சார் ஒட்டி, அந்த நாட்களில் குறிப்பெழுதி வைப்பது நடைமுறைக்கு ஏற்ற வழி. வாங்கும்போது பெட்டியில் இறக்குமதி உரிம எண்ணும் காலாவதித் தேதியும் உண்டா என்று பார்க்க வேண்டும். வெயிலில் வெந்த பெட்டியை, அது பாதி விலைக்குக் கிடைத்தாலும், வாங்கக் கூடாது. நொதி வெப்பத்தில் கெடும்.

ஒட்டும் இடமும் நேரமும்

மேற்கையின் பின்பக்கச் சதைதான் இடம். எந்தக் கை என்பதை வேலைதான் தீர்மானிக்கும். உயரத்தில் ஏறுபவரின் சேஃப்டி பெல்ட் வார் உரசும் பக்கம், மூட்டை தாங்கும் தோள் பக்கம், படுக்கும்போது அழுந்தும் பக்கம் ஆகியவை ஆகாது. அழுந்தினால் அங்கே திசுநீர் ஓட்டம் குறைந்து, நள்ளிரவில் சர்க்கரை இறங்கிவிட்டதாகச் சென்சார் பொய்யாகக் காட்டும். இரவில் அலாரம் அடித்து எழுந்தால் முதலில் புரண்டு படுத்து, பத்து நிமிடம் கழித்துப் பார்ப்பதோ, அப்போதே ஸ்ட்ரிப்பில் பார்ப்பதோ நல்லது. உடம்பில் நடுக்கமும் இருந்தால் காத்திருக்காமல் சர்க்கரை சாப்பிட வேண்டும்.

எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் ஒட்டினால் பசை பிடிக்காது. சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முழுக்க உலர்ந்த பிறகு ஒட்ட வேண்டும். ஆவி முழுதாகப் போகும் முன் அவசரப்படுவதே முதல் நாளே சென்சார் உதிரப் பெரிய காரணம். ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ஒட்டாமல், ஓய்வு நாளின் மாலையில் ஒட்டினால் பசை இறுகவும் முதல் நாள் பிழை கழியவும் நேரம் கிடைக்கும். மேலே ஓட்டைபோட்ட மருத்துவ பிளாஸ்திரி ஒன்றை ஒட்டிக்கொண்டால் மே மாத வியர்வையையும் தாங்கும். சென்சாரின் நடுத்துளையை மட்டும் மூடக் கூடாது. சிலருக்கு வில்லை இருந்த இடம் சிவந்து அரித்துக் கொப்பளிக்கும். சில கருவிகளின் பசையில் உள்ள ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற வேதிப்பொருளின் ஒவ்வாமையே காரணம் என்று ஐரோப்பிய தோல் மருத்துவர்கள் 2017 முதல் பதிவு செய்திருக்கிறார்கள். அத்தகையவர்கள் அதே வகையை மறுபடி ஒட்டாமல் வேறு வகைக்கு மாற வேண்டும்.

கேட்டில் ஒப்படைத்த கைப்பேசி

வடசென்னையில் இந்தக் கருவி அதிகம் தடுமாறும் இடம் இதுதான். எண்ணெய்த் தொட்டிகளும் எரிவாயு முனையமும் சுத்திகரிப்பு ஆலையும் உள்ள பகுதிகளில் கைப்பேசி உள்ளே போகாது. ஸ்கேன் செய்து படிக்கும் வகைச் சென்சார் எண்களைத் தானே சேமித்து வைக்கும், ஆனால் 8 மணி நேரத்துக்கு மட்டும். அதற்கு மேற்பட்டால் பழைய பதிவின்மேல் புதியது எழுதப்படும்.

காலை 6 மணி ஷிப்டுக்கு 5.40க்குக் கைப்பேசியைக் கேட்டில் கொடுத்து, 2.20க்கு வாங்கினால் இடைவெளி 8 மணி 40 நிமிடம். அழிந்துபோவது முதல் 40 நிமிடம்; இன்சுலின் போட்டுக் காலை டிபன் முடித்து வருபவருக்கு மருத்துவர் பார்க்க விரும்புவதே அந்த நேரத்தைத்தான். இரட்டை டூட்டி பார்த்தால் பாதிப் பதிவே காணாமல் போகும். கைப்பேசியைக் கொடுக்கும் முன் ஒரு முறை, உணவு இடைவேளையில் கேட்டுக்கு வர முடிந்தால் ஒரு முறை, வெளியே வந்ததும் ஒரு முறை என்று ஸ்கேன் செய்தால் இடைவெளி விழாது. கைப்பேசியை வில்லைக்கு 4 சென்டிமீட்டருக்குள் கொண்டுபோனால் போதும். சட்டைக்கு மேலேயே படிக்கும். ப்ளூடூத் வழியே தானாக அனுப்பும் வகைகளிலும் அலாரம் அடிப்பது கைப்பேசியில்தான். அது லாக்கரில் இருந்தால், ஆலைக்குள் சர்க்கரை இறங்குவது யாருக்கும் கேட்காது.

இதோடு இன்னொரு கேள்வியும் உண்டு. சென்சாரே பேட்டரியால் இயங்கும் மின்கருவி. ப்ளூடூத் வகை அலைபரப்பியும்கூட. தீப்பற்றும் ஆவி உள்ள இடத்துக்குள் அதை அணிந்து போகலாமா என்பதை அந்த ஆலையின் பாதுகாப்பு அதிகாரிதான் சொல்ல முடியும். மருத்துவரின் கடிதத்தோடு முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது. சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு போவது விபத்துக்கு இடம் கொடுப்பது.

மாறும் ஷிப்டும் அறிக்கையும்

பதினான்கு நாள் முடிந்ததும் செயலி ஓர் அறிக்கை தரும். அதில் முதலில் பார்க்க வேண்டியது 70 முதல் 180 வரை இருந்த நேரத்தின் விகிதம். 2019இல் சர்வதேச நிபுணர் குழு வகுத்த இலக்குப்படி அது 70 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். 70க்குக் கீழே இருந்த நேரம் 4 சதவீதத்துக்குள்ளும், 54க்குக் கீழே இருந்த நேரம் 1 சதவீதத்துக்குள்ளும் அடங்க வேண்டும். வயதானவர்களுக்கும் அடிக்கடி தாழ்நிலைக்குப் போகிறவர்களுக்கும் இலக்கு தளர்த்தப்படும். சராசரியை வைத்து ஹெச்பிஏ1சிக்கு இணையான ஒரு மதிப்பீட்டையும் அறிக்கை காட்டும்: சராசரி 154 என்றால் அது ஏறத்தாழ 7.0 சதவீதம்.

அடுத்து வரும் வளைகோட்டில்தான் ஷிப்ட் தொழிலாளி ஏமாறுவார். அந்தக் கோடு 14 நாட்களையும் கடிகார நேரப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்த நடுநிலை. ஒரு வாரம் காலை ஷிப்டும் மறுவாரம் நைட் ஷிப்டும் பார்த்தவருக்கு, இரவு 2 மணி என்பது ஒரு வாரம் தூக்கம், மறுவாரம் கேன்டீன் டீயும் பன்னும். இரண்டையும் கலந்து வரும் கோடு இரண்டு வாரத்தில் எதையும் காட்டாது. அதைப் பார்த்து இரவு இன்சுலினைக் கூட்டினால், தூங்கும் வாரத்தில் தாழ்நிலை வரும். செயலியில் அறிக்கைக் காலத்தை 7 நாளாக மாற்றி, ஒவ்வொரு வாரத்துக்கும் தனித்தனியாக எடுத்து, மேலே ஷிப்டின் பெயரை எழுதி மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். ஷிப்ட் மாறும் நாளிலிருந்து சென்சாரைத் தொடங்கினால் இரு வாரங்களும் ஒழுங்காகப் பிரியும்.

சாப்பாட்டைக் குறிக்கும்போது "சாப்பாடு" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. சோறு எத்தனை கரண்டி, டீயில் சர்க்கரை உண்டா, பன்னா வடையா என்று எழுத வேண்டும். இடைவேளைக்கு இடைவேளை குடிக்கும் இனிப்பு டீ சிறு சிறு மேடுகளாக வளைகோட்டில் தெரியும். பலருக்கு மாத்திரையைக் கூட்டுவதைவிட அந்த மேடுகளைக் குறைப்பதே சுலபம் என்று அப்போது புரிகிறது.

வெயிலும் தாழ்நிலையும்

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், படபடக்கும், கை நடுங்கும். வார்ப்படப் பிரிவிலும் கப்பல் தளத்திலும் எல்லாருக்குமே எந்நேரமும் வியர்க்கிறது. எனவே முதல் அறிகுறி அங்கே அறிகுறியாகவே தெரியாது. இந்தத் தொழில்களில் அந்தத் தாழ்நிலையைக் காட்டிக்கொடுப்பதுதான் சென்சாருக்கு உண்மையான வேலை. குழப்பமான பேச்சு, காரணமில்லாத கோபம், தடுமாறும் நடை ஆகியவற்றைக் கண்டால் "வெயில் ஏறிவிட்டது" என்று நிழலில் உட்கார வைப்பதோடு நிறுத்தாமல் சர்க்கரையும் பார்க்க வேண்டும். இதைக் கூட வேலை பார்ப்பவர்களுக்கு முன்பே சொல்லி வைப்பது அவசியம்.

தாழ்நிலை என்று தெரிந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து ஸ்ட்ரிப்பில் பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். சென்சார் தாமதமாகத்தான் மேலேறும். அதையே பார்த்துக்கொண்டு இன்னும் ஏறவில்லையே என்று மேலும் மேலும் சாப்பிட்டால், ஒரு மணி நேரத்தில் 300ஐத் தொடக்கூடும். டிரெய்லர், கிரேன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்கள் இன்சுலினோ தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்களானால் 90க்குக் கீழே இருக்கும்போது வண்டியைத் தொடக் கூடாது. துறைமுக வரிசை எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கேபினில் குளுக்கோஸ் பொட்டலமும் பிஸ்கட்டும் எப்போதும் இருக்க வேண்டும்.

உடலில் நீர் மிகவும் வற்றினால் சென்சாரின் எண்ணே தவறலாம். தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அத்தகைய நாட்களில் எண்ணை நம்புவதற்கு முன் தண்ணீர் குடித்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். வெயிலில் வேலை செய்யும்போது 15–20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் என்பது பொதுவான அளவு. இதயம், சிறுநீரகச் சிக்கல் உள்ளவர்களுக்கு மருத்துவர் சொன்னதே அளவு. ஓஆர்எஸ் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் உண்டு. அதைக் குடித்த பின் ஏறும் கோட்டைச் சாப்பாட்டின்மேல் பழிபோடாமல் குறித்து வைக்க வேண்டும். மாறாக, 500 மில்லிகிராம் வைட்டமின் சி சப்பு மாத்திரையை ஒரு நாளில் இரண்டு மூன்று போட்டால் சில சென்சார்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அப்போது தாழ்நிலை மறைந்துபோகும் அபாயம் உண்டு.

கடலில்

பெரும்பாலான சென்சார்கள் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வரை தாங்கும். அலையும் மழையும் பிரச்சினை இல்லை; விசிறியில் சிக்கிய வலையை எடுக்கப் படகுக்கடியில் மூழ்குவதுதான் பிரச்சினை. நாட்கணக்கில் தங்கும் விசைப்படகில் சென்சார் பெட்டியையோ இன்சுலினையோ மீன் ஐஸ் அறையில் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பயனற்றது. உப்பு படிந்த வில்லையை நல்ல தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் போதும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது உழைப்பு குறைந்து சர்க்கரை கூடும். அந்த மாதங்களில் எடுத்த அறிக்கையை வைத்துக் கூட்டிய மருந்து, ஜூன் 15க்குப் பிறகு வலை இழுக்கும்போது தாழ்நிலையில் கொண்டுபோய் விடும். கடலுக்குப் போகும் முன் மருந்தளவை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வாட்ச், மோதிரம், வியர்வை ஒட்டி

தோலைத் துளைக்காமல் சர்க்கரையைக் காட்டுவதாக இணையத்தில் விற்கும் வாட்ச்களையும் மோதிரங்களையும் வாங்கக் கூடாது. அத்தகைய எந்தக் கருவிக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. மின்னோட்டத்தால் குளுக்கோஸைத் தோலின் மேற்பரப்புக்கு இழுத்து அளந்த குளூக்கோவாட்ச் 2001இல் அனுமதி பெற்றது உண்மை. ஆனால் அது தோலைப் புண்ணாக்கியது. வியர்த்தால் அளப்பதையே நிறுத்திவிட்டது. வந்த சில ஆண்டுகளில் சந்தையை விட்டும் போனது.

வியர்வை ஒட்டிகள் வேறு வகை. 2016இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வியர்வையில் சோடியம், பொட்டாசியம், லாக்டேட், குளுக்கோஸ் ஆகிய நான்கையும் ஒரே பட்டையில் அளந்து காட்டினார்கள். விளையாட்டு வீரர்களுக்கான நிறம் மாறும் ஒட்டி 2021இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. வியர்வையில் குளுக்கோஸ் ரத்தத்தில் உள்ளதைவிட மிகச் சொற்பம். எனவே அதைக் கொண்டு மருந்தளவைத் தீர்மானிக்க முடியாது. எவ்வளவு நீர் இழந்தோம் என்று அறிய எடை பார்க்கும் மெஷினே போதும்: ஷிப்டுக்கு முன்னும் பின்னும் பார்த்த எடையில் ஒரு கிலோ குறைந்தால், குடித்த தண்ணீர் போக, ஏறத்தாழ ஒரு லிட்டர் இழப்பு.

சுற்றுப்புற நச்சுகளும் சென்சாரின் எல்லைக்கு வெளியேதான். 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. கையில் ஒட்டிய சென்சார் இவற்றில் எதையும் கண்டறியாது. ஈயமும் சாம்பலும்கூட அதற்குத் தெரியாது. அவற்றுக்கு ரத்தப் பரிசோதனையும் நுரையீரல் பரிசோதனையும்தான் வழி. மூச்சிரைப்புக்குப் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை தாறுமாறாக ஏறுவதை மட்டும் அது காட்டும். சிகிச்சை அளிப்பவரிடம் நீரிழிவு இருப்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கும்போது, தாளில் வேறாகச் சொல்லப்படாவிட்டால், சென்சாரைக் கழற்றிவிட வேண்டும்.

கழற்றிய பிறகு

ஓரத்தில் சிறிது தேங்காய் எண்ணெய் விட்டு ஊற வைத்தால் வில்லை வலியில்லாமல் வரும். அடுத்ததை மறு கையில் ஒட்டலாம். ஒட்டப் பயன்படுத்திய குழலுக்குள் ஊசி இருக்கிறது. வில்லையில் இழையும் பேட்டரியும் இருக்கின்றன. இவற்றை வீட்டுக் குப்பையோடு போட்டால் தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும். மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, வெளியே "ஊசி" என்று எழுதி, வாங்கிய கடையிலோ மருத்துவமனையிலோ எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் தீங்கான வீட்டுக் கழிவு என்று சொல்லி மாநகராட்சி ஊழியரிடம் தனியாகக் கொடுக்க வேண்டும்.